பெயின்ட் கடைசியில்

(அச்சன்புதூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அச்சன்புதூர், வடகரை, பண்பொழி, கடையநல்லூர் என்று இந்த மலையடிவார ஊர்களில் சில வீட்டுப் பின்கட்டுகளை எட்டிப் பார்த்தால் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கண்ணில் படும். மேலே கிழிந்த தார்ப்பாய், பக்கத்தில் தேங்காய் மட்டையும் உடைந்த கட்டில் சட்டமும். சீட்டில் கோழி முட்டையிட்டிருக்கும். வண்டிக்காரர் எங்கே என்று கேட்டால், "சவூதியில இருக்காவ" என்று பதில் வரும். இல்லாவிட்டால், "போன மாசந்தான் வந்தாவ, இனி போகலயாம்" என்பார்கள்.

இனிப் போகாமல் இருந்துவிட்டவரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அவருக்குப் பெயர் வேண்டாம், அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான். ஆனால் அவருடைய சாயலில் நாலு பேர் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். வயது ஐம்பத்தைந்து. வண்டி 1986-ஆம் வருஷத்துப் புல்லட். அப்பா வாங்கியது, இவர் ஓட்டியது. 2001-இல் விமானம் ஏறியபோது ஸ்டாண்ட் போட்டு நிறுத்திய வண்டி, நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது.

அண்ணாச்சி தார்ப்பாயை விலக்குகிறார். "காயலான் கடைக்காரன் கேட்டப்பவே போட்டிருந்தா இடமாவது மிஞ்சியிருக்கும்" என்கிறார் அவர் மனைவி. அது அவர் காதில் விழவில்லை. அடுத்த ஐந்து நிமிஷத்தில் அவர் இரண்டு காரியம் செய்கிறார். ஒன்று, கிக்கரில் ஏறி ஓங்கி ஒரு உதை. இரண்டு, தெரிந்த பெயின்டருக்குப் போன். இரண்டுமே தப்பு.

உதைத்தது ஏன் தப்பு என்பதை முதலில் பார்ப்போம். நின்ற வண்டிக்குள்ளே சில வேலைகள் சத்தமில்லாமல் நடந்திருக்கும். சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் காய்ந்து, சாரல் காற்றின் ஈரத்தில் பிஸ்டன் ரிங்கும் இரும்பு பேரலும் ஒன்றோடொன்று துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பழைய புல்லட்டில் எண்ணெய் தங்குவதற்கு கிராங்க் கேஸின் பின்பாதியில் தனி அறை உண்டு. அங்கிருந்து பம்ப் எண்ணெயை மேலே ஏற்ற வேண்டும். வருஷக்கணக்கில் நின்றால் அந்த எண்ணெய் பம்பைத் தாண்டிக் கசிந்து அடியில் போய்த் தேங்கிவிடும். மேலே வறட்சி, கீழே குளம். இந்த நிலையில் ஓங்கி உதைத்தால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும், அல்லது கிக்கர் திருப்பியடித்து அண்ணாச்சியின் முழங்காலைப் பதம் பார்க்கும்.

கைதேர்ந்த மெக்கானிக் இப்படிச் செய்யமாட்டார். "அண்ணாச்சி, மொதல்ல பிளக்கக் கழட்டுங்க" என்பார். பிளக் துவாரம் வழியாகக் கொஞ்சம் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் விட்டுவிடுவார். பிறகு வண்டியை டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பார்ப்பார். ஒரு விரற்கடை அசைந்தால் போதும், அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்வார். மறுநாள் இன்னொரு விரற்கடை. பழைய வண்டியோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவர் குறைவு.

பெயின்டருக்குப் போன் செய்தது ஏன் தப்பு என்பதைச் சொல்வதற்கு முன், இந்த இரும்புக்காக இவ்வளவு மெனக்கெடலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு வண்டியின் கதை தெரிய வேண்டும்.

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் பிறந்த கம்பெனி. புல்லட் என்ற பெயர் 1932-இலேயே வந்துவிட்டது. சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் 1949-இல் இந்த வண்டிகளை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கியது. எல்லையில் ரோந்து போக வண்டி தேடிய ராணுவம் நூற்றுக்கணக்கில் ஆர்டர் கொடுத்தது. அதன் பலனாக 1955-இல் என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. அடுத்த ஆண்டு திருவொற்றியூர் ஆலை ஓடத் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து உதிரிகளாக வந்த பெட்டிகளைப் பிரித்து அங்கே கோத்தார்கள். அந்த முதல் ஆண்டில் கோத்தது 163 வண்டிகள். 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே செய்யப்பட்டன.

பிறகுதான் கதை திரும்புகிறது. ரெடிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்துக் கம்பெனியே முடிந்துபோனது. தாய்வீடு இடிந்த பிறகும் திருவொற்றியூரில் பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது. 1977-இல் சென்னையில் செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின.

வளர்ந்தது என்று சொன்னாலும், உருவம் பெரிதாக மாறவில்லை. 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. இந்த அளவுக் கணக்கு பல பத்தாண்டுகள் மாறவே இல்லை. இரும்பு பேரல், புஷ் ராடு, எஞ்சினிலிருந்து பிரிந்து நிற்கும் கியர் பாக்ஸ் என்று 1950-களில் இருந்த அமைப்பு, எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூடாக வந்த புது எஞ்சின் அதன் இடத்தைப் பிடிக்கும் வரை, அதாவது 2000-களின் கடைசி வரை ஓடியது. அரை நூற்றாண்டு! நவீனம் தெரியாத கம்பெனி என்று அன்றைக்குக் கேலி செய்தவர்கள் உண்டு. இன்றைக்கு அண்ணாச்சியைக் காப்பாற்றுவது அந்த மாறாத குணம்தான். அவருடைய வண்டிக்கான பிஸ்டனும் வால்வும் கிளட்ச் பிளேட்டும் இன்னும் கிடைக்கின்றன. செங்கோட்டையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி எழும்பூரில் இறங்கினால் புதுப்பேட்டை நடக்கிற தூரம். பழைய வண்டிகளைப் பிரித்துக் குவித்து வைத்திருக்கும் அந்தச் சந்தில் கிடைக்காத பாகம் அபூர்வம். புதிதாக வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது.

எல்லா வண்டிக்கும் இந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1996-இல் மூடியபோது எஸ்டியின் வம்சம் அறுந்தது. பழைய பெயர்கள் இப்போது புது எஞ்சினோடு திரும்பி வந்திருக்கின்றன என்றாலும், இரட்டை சைலன்சர் வைத்த அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பாகம் தேடுவது பழைய பாத்திரக் கடையில் ஜோடி மூடி தேடுவது மாதிரி. யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது 1985-இல், நின்றது 1996-இல். 98 சி.சி.யில் 11 குதிரைத் திறன். அதன் மேல் இளவட்டங்களுக்கு இருக்கும் மோகத்தால் நல்ல வண்டியின் விலை எங்கோ போய்விட்டது. டி.வி.எஸ். 50 வந்தது 1980-இல். அந்தக் குழுமத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் நம் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடிக்காரர். மோட்டார் விஷயத்தில் இந்த மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சரி, அண்ணாச்சியின் பின்கட்டுக்குத் திரும்புவோம். பெயின்டரை ஏன் கூப்பிடக்கூடாது?

பளபளப்பு வந்ததும் வேலை முடிந்த மாதிரி ஒரு மயக்கம் வந்துவிடும். கையிருப்பும் அதிலேயே கரைந்துவிடும். பிரேக்குக்கு மிச்சம் இருக்காது. அதைவிடக் கெட்ட விஷயம் ஒன்று உண்டு. ஹேண்டில் பாருக்குக் கீழே சட்டத்தின் கழுத்தில் சேஸ் நம்பர் குத்தியிருக்கும். ஆர்வக்கோளாறில் அதைத் தேய்த்து, பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்துவிட்டால், ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆய்வாளர் டார்ச் அடித்து நம்பரைத் தேடும்போது சொந்த வண்டிக்கே அண்ணாச்சி திருடன் மாதிரி விழிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதல் வேலை காகிதம். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.சி. புக்கைத் தேட வேண்டும். இரும்புப் பெட்டியில், பத்திரங்களுக்கு அடியில் இருக்கும். தனியார் வண்டியின் பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். இந்த வண்டிக்கு அது 2001-இலேயே முடிந்தது. வண்டியை நேரில் காட்டித் தகுதி பார்த்தால் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 20 வயதைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025-இல் 2,000 ரூபாயாக உயர்ந்தது. தாமதத்துக்குத் தனிக் கணக்கு. ஓடாத வண்டிக்குத் தகுதிச் சான்று கிடைக்காது. ஆனால் காகிதமே இல்லாத வண்டியில் பணத்தைக் கொட்டினால் கடைசியில் மிஞ்சுவது காட்சிப் பொருள்தான். அதனால் வண்டியை ஆபீஸுக்குக் கொண்டுபோவது பிறகு, புத்தகம் கையில் இருப்பதை உறுதி செய்வது இன்றைக்கு.

'விண்டேஜ்' என்று பதிவு செய்துவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, அடிப்படையில் மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் அந்தப் பதிவு. கண்காட்சிக்கும் ராலிக்கும் பராமரிப்புக்கும் ஓட்டலாம், அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. மேக்கரைத் தோப்புக்குப் போய்த் தேங்காய் எண்ணிவிட்டு வர நினைப்பவருக்கு அது சரிப்படாது. ராஜஸ்தானில் பாலிக்குப் பக்கத்தில் ஒரு புல்லட்டைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். கும்பிட ஒரு வண்டி போதும். அண்ணாச்சியின் வண்டி ரோட்டில் ஓட வேண்டியது.

இரண்டாவது வேலை, நிற்பதற்கான ஏற்பாடு. ஓடுவதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டும். பிரேக் லைனிங், கேபிள், சக்கர பேரிங், ஸ்போக்ஸ், டயர். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 1224 என்றால் 2024-ஆம் வருஷத்தின் பன்னிரண்டாவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதிது போலத் தெரியும் டயரும் வயதானால் வெடிப்பு விட்டிருக்கும். அதை நம்பி ஏறுவது உளுத்த ஏணியில் ஏறுவதற்குச் சமம்.

மூன்றாவது, பெட்ரோல் போகிற வழி. டேங்குக்குள் துரு. ஒரு கை நட்டும் போல்ட்டும் போட்டுச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் செம்மண் கரைசல் மாதிரி வரும். தெளியும் வரை கழுவி, வெயிலில் காயவைக்க வேண்டும். கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டை ஊதிப் பார்க்க வேண்டும். இங்கே புது விஷயம் ஒன்று உண்டு. அண்ணாச்சி ஊரை விட்டுப் போனபோது கிடைத்த பெட்ரோல் வேறு, இன்றைக்குப் பங்கில் கிடைப்பது வேறு. இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகி நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். ஆகவே பெட்ரோல் டியூபையும் வாஷர்களையும் புதிதாகப் போட வேண்டும். சாரல் மாதங்களில் பெட்ரோலை அரைகுறையாக விட்டு மாதக்கணக்கில் நிறுத்தவும் கூடாது.

நான்காவதாகத்தான் எஞ்சின். பேரலைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனால் அளந்து பார்த்துச் சொல்வார்கள், எவ்வளவு போர் பண்ண வேண்டும் என்று. கால் மில்லிமீட்டரில் முடிந்தால் அதிர்ஷ்டம். அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன். பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். வால்வு சரியாக இருக்கிறதா என்று பார்க்க இந்த வண்டியில் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பக்கத்து மூடியைத் திறந்தால் இரண்டு புஷ் ராடு தெரியும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் திருப்பினால் அவை லேசாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. வித்தை அவ்வளவுதான். ஆனால் அந்த 'லேசாக' எவ்வளவு என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மெக்கானிக்கின் விரலில் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் பையனின் கையைப் பிடித்து வைத்து, "இப்பத் திருப்பு, இப்ப?" என்று கேட்டுத்தான் அவர் அதைச் சொல்லித் தர முடியும்.

இப்படி விரலால் அறிந்து செய்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. நியூசிலாந்தின் இன்வர்கார்கிலில் பர்ட் மன்ரோ என்று ஒருவர் இருந்தார். 1920-இல் வாங்கிய இந்தியன் ஸ்கவுட் வண்டி. கொட்டகையில் உட்கார்ந்து, பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்துத் தன் கையாலேயே பிஸ்டன் வார்த்தார். 1967-இல், தன் அறுபத்தெட்டாவது வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்பு வெளியில் அந்த நாற்பத்தேழு வயது வண்டியை மணிக்கு 295 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். அண்ணாச்சிக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. ஐம்பதைத் தாண்டாமல் இருந்தாலே புண்ணியம். ஏன் என்று இப்போது பார்ப்போம்.

வண்டி தயாராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டேங்கில் பழைய பெயின்ட் அங்கங்கே உதிர்ந்திருக்கிறது, மட்கார்டில் துரு நீக்கிய இடத்தில் பிரைமர் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. பார்வைக்குப் படை விழுந்த மாடு. ஆனால் அம்மீட்டர் முள் நடுவில் நிற்கிறது. டீகம்ப்ரஷன் லிவரை இழுத்து, கிக்கரை மெதுவாக மிதித்து, பிஸ்டன் உச்சியைத் தாண்டியதும் லிவரை விட்டு, ஒரே சீரான உதை. துப்… துப்… துப். கோழிகள் கூரையேறுகின்றன.

இனி மராமத்து பார்க்க வேண்டியது அண்ணாச்சியை.

முதலில் லைசென்ஸ். காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆனால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று 2019-இல் சட்டம் மாறியது. நாற்பது தாண்டியவருக்கு டாக்டர் சான்றும் வேண்டும். "முப்பது வருஷ அனுபவம்" என்று சொல்லி எட்டுப் போடாமல் தப்பிக்க முடியாது.

அனுபவம் என்று சொன்னோமே, அதில்தான் சிக்கல். 1986-ஆம் வருஷத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நியூட்ரல் கிடைக்காமல் தவிப்பவருக்காகக் குதிகாலில் மிதிக்கத் தனி லிவர். இப்போது வருகிற எல்லா மோட்டார் சைக்கிளிலும் கியர் இடது காலில், பிரேக் வலது காலில். அண்ணாச்சியோ இருபத்தைந்து வருஷம் கார் ஓட்டியவர். காரில் பிரேக்கும் வலது காலில்தான். போதாக்குறைக்கு அங்கே சாலையின் வலது பக்கம் போக வேண்டும், இங்கே இடது பக்கம்.

ஆள் இல்லாத ரோட்டில் இது எதுவும் தெரியாது. யோசித்து யோசித்து ஓட்டிவிடுவார். திடீரென்று ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே பாயும்போது யோசிக்க நேரம் இருக்காது. கால் தானாக மிதிக்கும். வலது கால் பிரேக் என்று நினைத்து மிதிப்பது கியர் லிவராக இருக்கும். வண்டி நிற்காது. முன் பிரேக் மட்டும்தான் அன்றைய புல்லட்டிலும் இன்றைய வண்டியிலும் அதே வலது கையில் இருக்கிறது. அதனால்தான் முதல் வாரத்துப் பழக்கம் ரோட்டில் வேண்டாம் என்பது. அறுவடை முடிந்த களத்திலோ காலி மைதானத்திலோ நாலு செங்கல்லை வரிசையாக வைத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, செங்கல்லுக்கு முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும். நூறு தடவை. கால் மறந்து படிக்கும் வரை. பேரன் பார்த்துச் சிரிப்பான், சிரிக்கட்டும்.

இங்கே ஒரு பொருத்தம் அமைகிறது. போர் பண்ணிய எஞ்சினை உடனே விரட்டக் கூடாது. புது ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று தேய்த்துப் பழக வேண்டும். இதை ரன்னிங் இன் என்பார்கள். முதல் ஐநூறு கிலோமீட்டர் ஐம்பது வேகத்துக்குள், பின்னால் ஆள் ஏற்றாமல், ஏற்றத்தில் திணற விடாமல், அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டு ஓட்ட வேண்டும். பழகும் எஞ்சினுக்கு என்ன விதியோ, மறந்ததைப் பழகும் ஆளுக்கும் அதே விதி. இரண்டு பேரும் சேர்ந்தே படிக்கலாம்.

அதற்கு இந்த ஊரைவிடத் தோதான இடம் அமையாது. அச்சன்புதூரிலிருந்து வடகரை வழியாக மேக்கரைக்குப் போகிற ரோடு இருக்கிறது. இரு புறமும் வயலும் தென்னையும். ரோடு முடிகிற இடத்தில் அனுமன்நதியைத் தடுத்துக் கட்டிய அடவிநயினார் அணை. அங்கே போய் நிழலில் வண்டியை ஆறவிட்டுத் திரும்பலாம். பண்பொழி திருமலைக்கோயிலின் கொண்டை ஊசி ஏற்றத்தை ஆயிரம் கிலோமீட்டர் தாண்டும் வரை முருகனிடம் கடன் சொல்லித் தள்ளி வைப்பது நல்லது. செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை எஸ் வளைவுக்கும் ஆரியங்காவு கணவாய்க்கும் அவசரமே இல்லை. அங்கே வரிசையில் ஊர்ந்துபோகும் கேரள லாரிகளுக்குப் பின்னால் கிளட்சைப் பிடித்தபடி நின்றால் காற்றால் ஆறும் எஞ்சின் கொதித்துப்போகும். சீசன் நேரத்தில் ஐந்தருவி ரோட்டுக் கூட்டத்திலும் அதே கதைதான். சாரலில் டிரம் பிரேக் நனைந்தால் பிடிமானம் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது. ஈரத்தில் போகும்போது அவ்வப்போது பிரேக்கை லேசாகத் தொட்டுச் சூடு பண்ணிக்கொண்டே போவார்கள் பழைய ஆட்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஸ்பேனரோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். புல்லட்டின் அதிர்வில் கழலாத நட்டு கிடையாது. ராத்திரி எஞ்சினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்தால், எந்த இடத்தில் கசிகிறது என்று காலையில் அட்டையே சொல்லிவிடும்.

பெயின்டரை மறந்துவிடவில்லை. திருவொற்றியூர் ஆலையில் டேங்கின் தங்கக் கோடுகளை மிஷின் வைத்துப் போடவில்லை. தூரிகையைப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் கையால் போட்டார்கள். அப்படிப்பட்ட கோட்டை, நாளைக்கே எஞ்சினை மறுபடி இறக்க வேண்டிவரும் வண்டியின் மேல் போடுவது வீண். போல்ட்டெல்லாம் இறுகி, கசிவெல்லாம் அடங்கி, இனிக் கழற்ற எதுவும் இல்லை என்று ஆன பிறகு போட வேண்டியது அது.

அந்தப் பெயின்டர்தான் பொறுக்காமல் ஒருநாள் சாயங்காலம் போன் செய்கிறார். "அண்ணாச்சி, டேங்க எப்ப அனுப்புதீய? கறுப்பு வாங்கி வச்சு ஒரு மாசம் ஆச்சே."

அண்ணாச்சி மேக்கரையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருக்கிறார். கையில் கிரீஸ், முழங்காலுக்குக் கீழே சேறு. ஸ்பீடோ மீட்டரைக் குனிந்து பார்க்கிறார். ரிப்பேருக்குப் பிறகு ஓடியது 212 கிலோமீட்டர்.

"இன்னும் முந்நூறு கிட்ட இருக்கு தம்பி. டப்பாவ மூடி வையி."